பன்னிரண்டாயிரம் லிட்டர்

லாரியை வால்டாக்ஸ் ரோட்டோரம் நிறுத்திவிட்டு
நடந்தே வந்தேன். மணி இரண்டே கால்.
கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில்.
ஒரு மடக்கு வாயில் இருந்தால்
வலப்பக்கக் கடைவாய் சும்மா இருக்கும்,
தண்ணீர் வெதுவெதுப்பாகும்வரை.
மூன்று நிமிடம். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
பிறகு விழுங்கிவிட்டு, அடுத்த மடக்கு.

சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் கேட்டார்: பேர்?
வாய் நிறையத் தண்ணீர்.
விரலைத் தூக்கினேன், ஒரு நிமிஷம் என்று.
விழுங்கிவிட்டுத் தணிகைவேல் என்று சொல்லப் போனேன்;
வேல் வருவதற்குள் வலி வந்துவிட்டது.
சீட்டில் தணிகை என்றிருக்கிறது.
தணிந்தது பேர் மட்டும்தான்.

என்ன பண்ணுது?
பல்லு.
பல்லா?
அந்த லாவை அவர் இழுத்த நீளத்தில்
எனக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது.
மாதவரம் ரவுண்டானாவில் பைக்கோடு விழுந்தவன்.
முட்டி இருக்கவேண்டிய இடத்தில் துணி.
அண்ணன் ஜாடையில் ஒருவர்
ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்திருந்தார்.
வழிவிட்டேன்.
நெஞ்சைப் பிடித்தபடி வந்தவருக்கு,
மூச்சுக்கு மிஷின் கேட்டு வந்தவருக்கு,
வழிவிட்டேன், வழிவிட்டேன்.
வெட்கமும் தாடையில்தான் துடிக்கும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

"பல்லைக் கடிச்சிக்கிட்டு விடியுற வரைக்கும் இருந்திருக்கலாமே"
என்றார் செக்யூரிட்டி. நல்ல மனுஷன்.
அதுதான் முடியவில்லை என்கிறேன்.

ஆடி மாசமே பெரம்பூர் கிளினிக்கில் காட்டினேன்.
ரூட் கேனல், மேலே கேப், ஏழாயிரத்து ஐந்நூறு.
எனக்குத் தெரிந்த கேனல்
ஓட்டேரியில் கறுப்பாகப் போவது.
அதையே யாரும் தூர் வாரவில்லை.
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.
பல் யோசிக்கவில்லை.

பெஞ்சில் இன்னொரு பல்.
தாடையையும் உச்சந்தலையையும்
துப்பட்டாவால் சேர்த்துக் கட்டிய பெண்.
வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறவளாம்.
ஒரு கண் வீக்கத்துக்குள் போயிருந்தது.
கூப்பிட்டபோதுதான் பேர் ருக்கையா என்று தெரிந்தது.
அவளைப் பார்த்ததும், சொல்லக் கூடாது,
எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பயிற்சி டாக்டருக்கு இருபத்துமூன்று இருக்கும்.
செல்போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்தார்.
அடிக்கும்போதே கொட்டாவி விட்டார்.
ஒரு கணம் இருவரும்
ஒருவருக்கொருவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தோம்.
அவருடையது வரிசையாக இருந்தது.
"பல் டாக்டர் காலையில எட்டு மணிக்குத்தான்.
இங்க பிடுங்க முடியாது. ஊசி போடுறேன்."
போன தடவையும் இதைத்தான் சொன்னாங்க சார்.
"எப்போ?"
போன வாரம்.
"அப்போ எட்டு மணிக்கு ஏன் போகல?"

எட்டு மணிக்கு வலி இருக்காது சார்.
எட்டு மணிக்கு நான் கொளத்தூரில்
எவர் வீட்டுத் தொட்டிக்கோ
ஹோஸ் மாட்டிக்கொண்டிருப்பேன்.
ஒரு லோடு போனால் எழுநூறு ரூபாய் போச்சு.
இதில் எதையும் சொல்லவில்லை.
மறுபடி வாயில் தண்ணீர்.

பல்லுக்கு இடுப்பில் போடுகிறார்கள் ஊசி.
வலி போகவில்லை.
வாடகை கேட்டு வந்தவன்போல
கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டது.

ருக்கையாவுக்கு அட்மிஷன் என்றார்கள்.
படுக்கை காலியாகும்வரை பெஞ்சு என்றார்கள்.
அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.
என் பாட்டிலைப் பார்த்தாள்.
கொடுத்தேன். குடிக்கவில்லை,
கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

லாரி நின்ற இடத்தில் தார் நனைந்திருந்தது.
பன்னிரண்டாயிரம் லிட்டர்,
பின்வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாக.
சித்திரையில் நான்தான் பழைய வேட்டியைக் கிழித்து
சுற்றிக் கட்டினேன்,
புது வால்வு வரும்வரைக்கும் என்று.
முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
தாங்கும் போலத்தான் இருந்தது.