சுண்ணாம்புக்காரத் தெரு, 412 மீட்டர்

ஐந்தரைக்கே ஆரம்பித்தாக வேண்டும்.
ஒன்பதைத் தாண்டினால் வேலூர் வெயிலில் தார் இளகி
ரேடார் வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.
லாங்கு பஜாருக்கு வெங்காயம் இறக்கும் டெம்போக்கள் வேறு.

நகராட்சிக் காலத்து வரைபடம் ஒன்று தந்தார்கள்,
மடித்த இடமெல்லாம் கிழிந்தது.
அதில் குடிநீர்க் குழாய் நேர்கோடு.
தெரு அப்படிப் போகவில்லை.

முதல் துளை ரஹ்மத் சைக்கிள் கடை எதிரில்.
கோர் கட்டர் பிடுங்கிக் கொடுத்த உருளையைத்
துடைத்துக் கீழே கிடத்தினான் திவாகரன்.
தார். அதற்குக் கீழே தார். அதற்கும் கீழே.
ஒன்பது அடுக்கு, நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.
ஒன்பது முறை பில் பாஸாகியிருக்கிறது,
ஒருமுறைகூட யாரும் பழசைச் சுரண்டவில்லை.
அதனால்தான் இந்தத் தெருவில் வீட்டுப் படிகள்
இறங்குகின்றன.

பதினேழாம் எண்ணின் ஜன்னல் வழியே
போகிறவர்களின் கால் மட்டும் தெரியும்.
நஜ்முன்னிசா செருப்பை வைத்தே ஆளைச் சொல்கிறார்.
"நேத்து சாயங்காலமும் வந்தியே" என்றார் என்னிடம்,
"இடது வார் பிஞ்சது."

படிவத்தில் நிலை ஒன்று முதல் ஐந்து.
ஒன்று: நன்று. ஐந்து: எந்நேரமும்.
எந்நேரமும் என்ன என்று அச்சடித்தவர் எழுதவில்லை.

ஆள்நுழைவுக் குழிக்குள் கேமராவை விட்டோம்.
சுட்டமண் குழாய்; மூட்டுக்கு மூட்டு வேப்பம்வேர்,
சிக்கெடுக்காத தலைபோல்.
ஒரு எவர்சில்வர் டம்ளர், நசுங்காமல்.
முப்பத்தோராவது மீட்டரில், குழாயைக் குறுக்கே துளைத்து
ஒரு தொலைபேசிக் கேபிள்.
அதில் கடைசியாக யார் ஹலோ என்றார்களோ.

ரேடார் திரையில், தெருக்கோடிப் பக்கம்,
வரைபடத்தில் இல்லாத ஒரு வளைவு.
மேலிருந்து நான்காம் தாருக்கும் ஐந்தாம் தாருக்கும் நடுவே
ஒன்றரை அங்குலக் குழாய்.
யார் போட்டது?
வால்வு கஜபதி மலைப் பக்கம் பார்த்தார்.
சாவிக்கம்பியைத் தோள் மாற்றினார்.
"மேட்டுக்குத் தண்ணி ஏறல மேடம்.
பாலாத்துத் தண்ணியும் ஏறல, காவேரி வந்தும் ஏறல.
பத்தொம்போது வீடு."
அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர் முறை.
முந்தின ராத்திரியே சாக்கடையில் பச்சைச் சாயம் ஊற்றிவிட்டு
குழாய் குழாயாகப் பாட்டிலோடு நின்றோம்.
நேர்கோட்டில் ஒன்றுமில்லை.
மேட்டில், புஷ்பராணியின் முதல் குடத்தில்
வாழைக்குருத்தின் நிறம்,
இருக்கிறதா இல்லையா என்பதுபோல்.
அவள் பெண் எட்டிப் பார்த்து, ஐ, என்றாள்.
புஷ்பராணி குடத்தைக் கவிழ்த்தாள்.
கஜபதியின் பக்கம் திரும்பவேயில்லை.
அவர் வால்வை மூடிக்கொண்டிருந்தார்,
பதினான்கு சுற்று, வாய்விட்டு எண்ணியபடி.

நிலை ஐந்து என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: அனுமதி பெற்றது / பெறாதது.
பெறாதது என்றால் வெட்டிவிட்டு மறப்பார்கள்.
எழுதாவிட்டால் தார் சுரண்டும் இயந்திரமே வெட்டிவிடும்.
குறிப்பில் "நடப்பில் உள்ளது, 19 வீடுகள்" என்று போட்டு
கட்டத்தை அப்படியே விட்டேன்.
செயற்பொறியாளர் கேட்பார்.
கேட்கட்டும், அதற்குள் ஏதாவது தோன்றும்.

திரும்பும்போது ஜன்னலுக்குள்ளிருந்து குரல்:
"ரோடு எவ்ளோ இறங்கும்?"
ஒன்றரை அடி, சொன்னபடி செய்தால்.
"அப்போ முகம் தெரியுமா?"
இடுப்பு வரைக்கும் தெரியும், குனிந்தால் முகம்.
நஜ்முன்னிசா கொஞ்சம் யோசித்தார்.
"அவங்களுக்கும் நான் தெரிவேனே.
திரைத்துணி வாங்கணும்."