ரொட்டி வேனின் இன்ஜின்

பதினொரு போல்ட்டுகள் மிச்சம்.
எந்தத் துளையிலும் சேரவில்லை.
காபி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
வடக்கு டகோட்டா நவம்பரில்
அதற்குள் கை விட்டால்
இரும்பு விரலைக் கடிக்கும்.

அந்த எட்டு சிலிண்டர்
பெட்ரோலைக் குடித்து, பிறகு
என் சம்பளத்தையும் குடித்தது.
வைக்கோல் உருளை இரண்டை ஏற்றினால்
மேட்டில் நின்று இருமும்.

மைனாட்டில் ஒரு பேக்கரி
தன் பழைய வேனை ஏலம் விட்டது.
உடம்பெல்லாம் துரு,
உயிர் மட்டும் முன்னால்:
ஆறு சிலிண்டர் டீசல்.
காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன்.
மாவு உதிர்ந்தது.

இன்ஜினைத் தூக்கும் கிரேன்
இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவனிடம்தான்.
வெர்லின் ஹாகன்.
விவாகரத்தில்
கிரேன் அவனுக்கு, கராஜ் எனக்கு என்று பிரித்த நீதிபதி
ஒரு நாளும் இன்ஜின் மாற்றியிருக்க மாட்டார்.

போன் செய்தேன்.
"எவ்வளவு எடை?"
ஆயிரத்து நூறு பவுண்டு.
"முன் ஸ்ப்ரிங் தாங்காதே."
தெரியும், வேறு வாங்கிவிட்டேன்.
சௌக்கியமா என்று
இரண்டு பேருமே கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தான்.
பழையது சங்கிலியில் எழும்பியதும்
வண்டியின் முகம் ஒரு சாண் நிமிர்ந்தது.
புதியது இறங்கியதும்
அதே சாண் குனிந்து, கொஞ்சம் கூடவும்.
ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்
சுண்டுவிரல் நுழையவில்லை.
அளந்தது நான். வெட்டியது அவன்.
அரை விரற்கடை அதிகமாக வெட்டிவிட்டான்.
முன்பு என்றால் இதற்கு
மூன்று நாள் பேச்சு நின்றிருக்கும்.
வெல்டிங் ராடை எடுத்து நீட்டினேன்.

டேங்கை மூன்று முறை கழுவினோம்.
டீசலுக்குப் பொறி வேண்டாம்,
காற்றை நெருக்கினால் போதும்,
நெருக்கத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.
வேலை போன எட்டு பிளக் ஒயர்களையும்
சுருட்டி ஆணியில் மாட்டினேன்.
எரிபொருள் முள்ளுக்குக் கீழே
'பெட்ரோல் மட்டும்' என்ற எழுத்து
சுரண்டியும் போகவில்லை.

டிசம்பர் ஆறு.
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
ராத்திரி முழுக்க இன்ஜினுக்கு ஹீட்டர் போட்டு,
காலையில் கராஜ் கதவை விரியத் திறந்துவிட்டு
சாவியைத் திருப்பினேன்.
முனகல்.
மறுபடி முனகல்.
வெள்ளைப் புகை.
பிறகு, ஒரு மூட்டைச் சரளைக்கல்லைத்
தகரக் கூரையில் கவிழ்த்த மாதிரி
பிடித்துக்கொண்டது.
சுவரில் ஸ்பேனர்கள் ஆடின,
ஒன்று விழுந்தது.
வெர்லின் சிரித்தான்.
கடைவாயில் ஒரு பல் இல்லை,
எப்போது போனதோ.

"போதும், நிறுத்து!"
திருப்பினேன்.
ஓடியது.
சாவியை உருவியே எடுத்துவிட்டேன்.
சாவி என் உள்ளங்கையில்,
இன்ஜின் அது பாட்டுக்கு ஓடியது.

பெட்ரோல் வண்டிக்குப் பொறியை வெட்டினால் முடிந்தது.
இதற்கு எண்ணெயை அடைக்க வேண்டும்.
அடைப்பானின் ஒயரை
அவன் இணைத்திருப்பான் என்று நானும்,
நான் என்று அவனும்.

பலகைத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து
காற்றுக் குழாயின் வாயை மூடப் போனான்.
இரு, என்றேன்.
இரைச்சலில் கேட்டதோ என்னவோ,
கையில் பலகையோடு அப்படியே நின்றான்.
மாவு எரியும் வாசனை வந்தது,
கொஞ்சம் தீய்ந்த ரொட்டி போல.
எண்ணெய் முள் சரியாக நின்றது.
வெப்ப முள் மெல்ல ஏறியது.
பாதி தூரம் வந்ததும் தலையசைத்தேன்.
மூடினான்.
உதறி, உதறி, அடங்கியது.

இப்போது பலகை சீட்டுக்கு அடியில்.
மளிகைக் கடை வாசலில்
பானெட்டைத் தூக்கி
வண்டியின் மூச்சைப் பொத்தி நிறுத்துகிறேன்.
தள்ளுவண்டியோடு நின்று பார்க்கிறார்கள்.
பார்க்கட்டும்.

ஒயர் வந்துவிட்டது.
போன வாரமே, கடிதப் பெட்டியில்,
பெயர் எழுதாத உறையில் வைத்துப் போயிருந்தான்.
டாஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது.