தாளிக்காத சட்டி

மார்கழி இருபத்தெட்டு.
குப்பைத்தொட்டியை வெளியே தள்ளப் போன இடத்தில்
வழுக்கி விழுந்தாள் மேல்மாடி ரோண்டா.
வலக்கை, முழங்கை வரை மாவுக்கட்டு.
லாண்ட்ஸ்டூலில் அந்தக் கிழமை பனி பெய்யவில்லை,
முன்பு பெய்தது இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்தது.

முப்பத்தோராம் திகதி பின்னேரம் கதவைத் தட்டினாள்.
இடக்கையில் துருக்கிக் கடைப் பை.
உள்ளே ஒரு கிலோ கௌபி.
"உன் கை வேண்டும்," என்றாள்.

அவளுக்கு ஜெர்மன் அரைகுறை.
எனக்கு ஆங்கிலம் அரைகுறை.
இரண்டு அரையையும் சேர்த்தால்
ஒரு முழு வாக்கியம் வரும்,
சில நாள்.

அவளுடைய அலபாமா வீட்டில்
வருடப் பிறப்பன்று இதைச் சாப்பிடாவிட்டால்
வருடம் பிறந்ததாகக் கணக்கில்லையாம்.
ஒரு பயறு ஒரு நாள்.
எண்ணியா சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.
அத்தை ஒருத்தி எண்ணுவாள்,
அவளுக்கு வேறு வேலையில்லை, என்றாள்.

குசினிக் கதிரையில் இருந்து
தட்டில் பரப்பிக் கல் பொறுக்கினாள்.
ஒரு கல்லும் இல்லை.
இல்லாவிட்டாலும் பொறுக்க வேண்டும் என்றாள்.
அது எனக்கு விளங்கியது.
கட்டுக்கை இடித்துத் தட்டு ஒருமுறை சரிந்தது,
மடியெல்லாம், நிலமெல்லாம் கறுப்புக் கண்கள்.
எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

இரவு முழுக்கத் தெருவில் வெடி.
பயறு பேசாமல் ஊறியது.

காலையில் வெங்காயம். பெரிதாக வெட்டு என்றாள்.
வெட்டியதைப் பார்த்து, இன்னும் பெரிதாக.
உள்ளி இரண்டு பல்லு. பிரிஞ்சி இலை ஒன்று.
இறைச்சிக் கடையில் சொல்லி வைத்து வாங்கிய
புகைபோட்ட பன்றிக்கால்.
அன்று வெள்ளிக்கிழமை.
அது என்ன கிழமை என்று தெரிந்த நானும் என் மனுசனும்
வாய் திறக்கவில்லை.

தண்ணீர். உப்பு. மிளகு.
"பிறகு?"
"பிறகு ஒன்றுமில்லை."

ஒன்றுமில்லை என்ற சொல்லை
என் அடுப்பு அதுவரை கேட்டதில்லை.
கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போனது.
"நைன்."
சீரகத்துக்குப் போனது.
"நைன்."
தூள் போத்தலைத் திறக்கவில்லை, தொட்டேன், அவ்வளவுதான்.
மாவுக்கட்டால் மேசையில் ஓங்கி ஒரு இடி.

ஒன்றரை மணித்தியாலம் சும்மா நிற்பது
எப்படியென்று எனக்குத் தெரியாது.
நுரையை வழித்தேன். அடுப்பைத் துடைத்தேன்.
துடைத்த அடுப்பைத் துடைத்தேன்.
அவளோ கட்டுக்குள் ஏதோ கடிக்கிறதென்று
என்னிடம் பின்னல் ஊசி வாங்கி
உள்ளே விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
சாம்பல் நிறத் தண்ணீர் மெல்ல மண்ணிறமாகி,
தடித்து,
கரண்டியை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டது.

வேலையால் வந்த தவநேசன்
சப்பாத்தைக் கழற்றாமலே மூடியைத் திறந்தார்.
"தாளிக்கேல்லையோ?"
அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
"நைன்," என்றாள் ரோண்டா.

சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டோம்.
வெங்காயத்தைக் காணவில்லை, கரைந்திருந்தது.
அடியில் புகை. நடுவில் உப்பு.
கௌபிக்குக் கௌபியின் ருசி இருந்தது.
இத்தனை வருடமும் நான் தின்றது
அதன்மேல் போட்டவற்றை.
தவநேசன் ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார்.
மூன்றாம் தரம் சட்டியோடு எடுத்தார்.

மாசி நடுவில் கட்டை வெட்டினார்கள்.
நேரே என்னிடம்தான் இறங்கி வந்தாள்,
வெளிறி மெலிந்த கையில் ஒரு கடதாசிக் கைக்குட்டை மடிப்போடு.
விரித்தாள்.
ஒற்றைக் கௌபி.
தேய்ந்து, ஒரு பக்கம் தட்டையாகி,
கண் மட்டும் அப்படியே.
"இதுதான் கடித்தது."

அப்படியென்றால் வருடத்தில் ஒரு நாள் குறைவு, என்றேன்.
குளிர்பெட்டிக் கதவில் தொங்கிய நாட்காட்டியை
வெகுநேரம் பார்த்தாள்.
போன செவ்வாயாக இருக்கும், என்றாள்,
அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை.