வெள்ளிக்கிழமைத் தடம்

ஞாயிறன்று ஆறு சுற்று.
இன்று வெள்ளி. கடிகாரம் இல்லை, கூட்டம் இல்லை.
முதல் சுற்றை யாரும் ஓட்டுவதில்லை.
இறங்குகிறோம், சைக்கிளை மரத்தில் சாய்க்கிறோம்,
வந்த வழியே மேலே நடக்கிறோம்,
கண் பார்த்துவிட்ட வேரைக்
காலும் ஒருமுறை பார்க்கட்டும் என்று.

மொராவியா மேட்டுக் காட்டில்
ஊசியிலை மரங்கள் ஆழத்தை நம்புவதில்லை.
வேரெல்லாம் மேலோடு மேலாக.
சக்கரங்கள் தோலுரித்து உரித்து
சோப்புக்கட்டி வழவழப்பில் கிடக்கும்.
சாய்வாக ஏறினால் தீர்ந்தாய்.
நேராக ஏறு, பிரேக்கை விடு.
எனக்குத் தெரியும்.
இரண்டு விரல்களுக்குத்தான் இன்னும் சொல்லி முடியவில்லை.

மூன்றாம் கிலோமீட்டரில் அந்தப் பாறை இறக்கம்.
நாடாவுக்கு வெளியே ஆரஞ்சு மேலங்கியில் யர்மிலா.
மற்ற நாட்களில் தபாலில் முத்திரை குத்துகிறவள்.
தெர்மாஸ் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டே
"காலையிலிருந்து நாலு பேர் விழுந்தாச்சு.
ஒருத்தனுக்குக் காரை எலும்பு" என்கிறாள்,
காளான் என்ன விலை என்று சொல்கிற குரலில்.

இடப்பக்கம் சுற்றுவழி உண்டு. பத்திரமானது.
பதினோரு வினாடி கூடுதல்.
ஆறு சுற்றுக்கு அறுபத்தாறு.
பதினைந்தாம் இடம்வரை பணம் தருவார்கள்,
பதினாறாவதுக்குக் கைகுலுக்குவார்கள்.
போன வருஷம் நான் நிறையக் கை குலுக்கினேன்.

முதல் தடவை விளிம்புவரை போனேன்.
முன்சக்கரம் எட்டிப் பார்த்தது,
வேண்டாம் என்றது.
இரண்டாம் தடவை நான் வேண்டாம் என்றேன்.
மூன்றாம் தடவை,
சிறுநீர் கழிக்கப் பாறைக்குக் கீழே ஒதுங்கிக்
குந்தியபோது
அது தெரிந்தது:
இரண்டு பாறைகளின் இடுக்கில்
ரொட்டி அளவு ஒரு கல், பாசி போர்த்தி.
மேலிருந்து பார்த்தால் வெறும் நிழல்.
கீழிருந்து பார்த்தால் படி.

சொல்லவில்லை யாரிடமும்.
காலணி வாரைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி,
சுவிஸ் பெண்கள் போகட்டும்,
அந்த உயரமான டேனிஷ்காரன் போகட்டும் என்று
காத்திருந்தேன்.
பிறகு
இடுப்பு பின்னே,
கண் கல்லில் இல்லை, கல்லைத் தாண்டி,
விரல்

விரல் விட்டது.

ஒரே ஒரு சத்தம். டயர் கல்லில் தட்டியது.
அடுத்த கணம் கீழே இருந்தேன்,
யாரோ எடுத்து வைத்தது மாதிரி.
யர்மிலா தேநீரைக் கீழே வைத்துவிட்டு
ஒரே ஒரு கை தட்டினாள், தன் தொடையில்.

திரும்பிப் பார்த்தால்
ஈரச் சேற்றில் என் டயரின் பல்வரிசை,
தலையிலிருந்து கால்வரை எழுதி வைத்தது போல.
அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள் யாக்னா,
போலந்துக்காரி.
எப்போது வந்தாள்?
"காற்று எவ்வளவு?" என்றாள்.
"ஒன்றரை" என்றேன்.
தலையாட்டினாள்.
நான் வைத்திருந்தது ஒன்றேகால்.

இரவெல்லாம் வண்டிக் கூரையில் மழை.
மெக்கானிக் வவ்ரினெட்ஸ் இரண்டு டயர்களைத்
தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்காமல் கிடந்தான்.
நான் கண்ணை மூடிச் சுற்றை ஓட்டினேன்.
வேர், வேர், பாலம், பாறை.
பாறைக்கு அப்புறம் காடு எனக்கு நினைவே வரவில்லை.

சனி காலை என் தடம் இல்லை.
கல்லில் பாசியும் இல்லை.
அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கீறல்,
புதுசு.
என் பெடல் கறுப்பு.

சைக்கிள் கழுவும் குழாயடியில்
அவள் சிவப்புப் பெடலில் சேறு வழிந்துகொண்டிருந்தது.
முழங்கையில் புதுத் துணிக்கட்டு.
குழாய்க்காக வரிசையில் நின்றபடி
தரையைப் பார்த்துச் சொன்னேன்:
"ஒன்றேகால்."

"தெரியும்" என்றாள் யாக்னா,
குழாயை என்னிடம் நீட்டி.
"தடம் அகலமாக இருந்தது."