வாய்தா

வக்கீல் ததேயுஸ் ஜெயித்தது
முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டில்.
குறும்பனை முழுக்க வெடிச் சத்தம்.
கறுப்புக் கோட்டை நான்தான் மடித்து
பாச்சை உருண்டை போட்டு
ஃபைல் பெட்டியில் வைத்தேன்.

லாக்கப்பில் செத்த பையனைப் பற்றிச்
சபையில் கேட்டார்.
நெஞ்சுவலி என்றது பதில்.
பத்தொன்பது வயசு,
வள்ளம் தள்ளிய நெஞ்சு.
மறுபடி எழுந்தார். மைக் அணைந்தது.
ராத்திரி கட்சி ஆபீஸ் போன்:
‘ஓய், சும்ம இரும்.’

ராஜினாமாவை டைப் அடிக்கையில்
தேதி மட்டும் கேட்டேன்.

திங்கள்கிழமை, இரணியல் கோர்ட்.
தொப்பைக்குப் பித்தான் எட்டவில்லை.
பையனின் அம்மை கிளாடிஸ்
தோள்சேலை ஊக்கைக் கழற்றி நீட்டினாள்,
சாளை வாடையோடு.
குத்திக்கொண்டு உள்ளே போனார்.

வாய்தா.

ஊக்கு இப்போது துருவேறிவிட்டது.
மாற்றட்டுமா என்றால்
முறைக்கிறார்.