அத்லியா, மூன்றாம் மாடி

மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து,
எச்சில் தொட்ட விரலால் தூசு துடைத்தான் ரொமேல்.
இரும்புச் சட்டத்தில் ஐந்து இலக்கம்.
கைப்பேசியில் தேடிச் சொன்னான்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
பஹ்ரைனில் எண்ணெய் பீறிடும் முன்பே பிறந்தது.

"விலை?"
நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார் ஹகோபியன் அம்மாள்.

ஒரு கட்டையை அழுத்தினான்.
தும்மல் மாதிரி ஏதோ வந்தது.
ஏசி நின்றுபோன ஏதோ ஓர் ஆகஸ்டில்
உள்பலகை பிளந்திருக்கிறதாம்.
நாற்பது தினார்.
இறக்குகூலியே அறுபது.

வாசலில் நாங்கள் நாலு பேர்,
கயிறும் கம்பளியுமாக.
லிஃப்டில் நுழையாதென்று
படிக்கட்டை முழம்போட்டு வைத்திருந்தேன்.

"நீ என்ன சொல்கிறாய்?"
என்னைத்தான் கேட்டார்.
பதினேழு வருஷத்தில்
தூக்கும் சாமானின் மதிப்பை
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முந்நூறு கிலோ, என்றேன்.
திருப்பங்களில் கூடும்.