எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில்
எட்டு ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.
முதுகு பிளந்திருந்தது.
ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தான் கடைக்காரன்.
செங்கல் கனம்.
பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் போகும்
தொழிற்சாலைப் பேருந்தில் மடியில் வைத்தால்
தொடை மரத்துப்போகும்.
பரீட்சையா என்று கேட்டாள் கோமளவள்ளி.
போர் என்றேன்.

முதல் பக்கத்தில் வரைபடம்.
மூன்று ஆறுகள் மலையேறிப் போகின்றன,
ஒருவரும் திருத்தவில்லை.
பெயர்களோ
வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு சொல்ல வேண்டியவை.
நானே வேறு வைத்துக்கொண்டேன்:
மூத்த இளவரசன் மூக்கன்.
சூனியக்காரி, எங்கள் லைன் லீடர்.

பதினெட்டுப் பக்கத்துக்கு ஒரு விருந்து வைக்கிறார்.
மான், மயில், தேன் தடவிய அன்னம்.
வாசலுக்கு வந்தவனைப் பார்த்து ஒருவராவது
பசியாறியாச்சா என்று கேட்க வேண்டுமே!
அடுப்படியில் ஒருத்தி இருந்தாள், இரண்டே வரி.
கோட்டை எரிந்தபோது அவளும் எரிந்தாள்.
அவளுக்குப் பெயர் வைக்க மறந்துபோனார்,
ஒரு வாளுக்கு மூன்று பெயர் வைத்தவர்.

அதையும் பொறுத்துக்கொண்டேன்.
முந்நூற்று நாற்பதாம் பக்கத்தில்
தெற்கிலிருந்து ஒரு படை வந்தது.
கறுத்தவர்கள்.
எண்ணெய் வழியும் தலைமுடி.
மொழி என்று எதுவுமில்லை, கூச்சல்.
பாலத்தில் நெரிசல், பேருந்து நின்றிருந்தது.
ஜன்னல் கண்ணாடியில் என் முகம்,
காலையில் தடவிய தேங்காயெண்ணெய்
நெற்றிவரை இறங்கியிருந்தது.
மூடினேன்.
ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றாகப் போட்டேன்.

நான்கு நாள் தொடவில்லை.
ஐந்தாம் நாள் இரவு ஷிப்ட்,
எல்லோரும் மீ கோரெங் பொட்டலம் பிரிக்கையில்
கை தானாகப் பைக்குள் போயிற்று.
குதிரைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவேண்டும்,
அவ்வளவுதான்.

குதிரை செத்துப்போனது.
பனிவாசலைத் தாண்டி
மூக்கனைக் கரையில் இறக்கிவிட்டு
தண்ணீர் குடிக்கக் குனிந்தபடியே.
கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பியவளைப் பார்த்து
சளியா, வீட்டுக்குப் போகிறாயா என்றாள் லைன் லீடர்.
சூனியக்காரிக்கு இப்படி ஒரு வரிகூட
அந்த ஆள் தரவில்லை.

இதுதான் எனக்குச் செரிக்கவில்லை.
என்னைக் கூச்சல் என்று எழுதிய கை
அந்தக் குனிதலை எப்படி எழுதிற்று?

இப்போது புகைமூட்டக் காலம்.
காலையில் பாலத்தில் பாதியைக் காணோம்.
கோமளவள்ளி வாய் திறந்து தூங்குகிறாள்.
பனிவாசல் என்று முணுமுணுக்கிறேன்,
உடனே எரிச்சல் வருகிறது.
பதினொரு வருடமாக நான் கடக்கும் பாலம்.
கேட்காமல் அதில் ஒரு கதவை
மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சனிக்கிழமை மாடியேறினேன், விற்கத்தான்.
மூன்று ரிங்கிட் என்றான்.
அடுத்த பாகம் இருக்கிறதா என்று
என் வாய்தான் கேட்டது.
"நாலாவதுதான் இருக்கு. பரவாயில்லையா?"
அட்டையில் வேறு நிறத்தில் ஒரு குதிரை.
வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன்.
ஆறுகள் இன்னும் மலையேறிக்கொண்டுதான் இருந்தன.
பன்னிரண்டு கேட்டான்.
பத்துக்கு முடிந்தது.